இரண்டு விரல் மேலே

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அந்தக் காலத்து ஃபிலிம் கேமராவைச் சுருக்கி வைத்தது போல, கறுப்பும் வெள்ளியுமாக இருந்தது. தொட்டால் வெறும் பிளாஸ்டிக். பின்பக்கம் திரை இல்லை. எடுத்த படத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒயரைச் செருகிக் கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும். பிடிக்காததைக் கையோடு அழிக்கவும் வழி கிடையாது.

"அதுக்காகத்தான் வாங்கினேன்," என்றாள் மகள். "போன்ல எடுத்தா அடுத்த நிமிஷமே அழிச்சிடுவேன். இதுல எடுத்தா எடுத்ததுதான். முதல் படம் நீங்கதான் எடுக்கணும்ப்பா. அதுவரைக்கும் வேற யாரையும் எடுக்க விடமாட்டேன்."

கண்ணாடிக்காரர் அதை உள்ளங்கையில் போட்டு, எடை பார்ப்பது போல ஆட்டினார்.

"பொம்மை," என்றார்.

இருபத்தாறு வயதுப் பெண் எதற்காக முதல் படம் என்கிறாள் என்பது அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து அவளுடைய இடது கண் மூக்கைப் பார்த்திருந்தது. யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், அவர் அவள் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார். "இங்க இல்ல, அந்தச் சுவத்தைப் பாரு." குடும்பப் படங்கள் எல்லாவற்றிலும், யாரோ கூப்பிட்டது போல, அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவர் வைத்த பெயர் 'ஓரம்'. "ஓரம், தண்ணி கொண்டா." செல்லமாகக் கூப்பிடுவதாகத்தான் அவர் நினைப்பு.

அவளுக்கு ஐந்து வயதாயிருக்கும்போதே ஒரு டாக்டர், ஆபரேஷன் செய்தால் கண் நேராகிவிடும் என்றார். கண்ணாடிக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். ஊரில் பாதிப் பேர் மூக்கின்மேல் அவர் செய்த கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது. அவர் பெற்ற பிள்ளைக்குக் கத்தியா? தானே லென்ஸ் தேய்த்தார், தானே பிரேமில் பொருத்தினார், இருபது வருஷம் அவளுக்குக் கண்ணாடி போட்டுவிட்டார். கண் நேராகவில்லை. "ஒழுங்காப் போட்டாத்தானே," என்று பழியையும் அவள் தலையிலேயே கட்டினார்.

இந்த வருஷம், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் அவள் ஆபரேஷன் செய்துகொண்டாள். ஒரு மாதம் கண் சிவந்து கிடந்தது. சிவப்பு வடிந்த பிறகு பார்த்தால், இரண்டு கண்ணும் நேராக நின்றன. அந்த வாரம் அவள் கடைக்கு வந்திருந்தபோது, பழைய வாடிக்கையாளர் ஒருவர் வாயைப் பிளந்தார்.

"அட, பொண்ணுக்குச் சரியாயிடுச்சே! நம்ம கண்ணாடிதானா?"

"இல்லங்க," என்று அவள் சிரித்தாள். "ஆபரேஷன்."

கண்ணாடிக்காரர் குனிந்து ஒரு பிரேமின் மூக்குத்தாங்கியைத் திருகிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை அவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லி, மறுநாள் கேமராவைக் கடைக்கு எடுத்துப் போனார். எதிர்ப்புறம் நின்று கடைப் பலகையை ஒரு படம் எடுத்தார். உள்ளே வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் பலகையின் மேல் வரியைக் காணோம். கண்ணை வைத்துப் பார்க்கும் துளை ஒன்றைக் காட்டுகிறது, லென்ஸ் அதைவிடத் தாழ்வாகப் பார்க்கிறது. வாழ்நாள் முழுக்க லென்ஸோடு மாரடித்தவருக்கு இது ஒரு வித்தையா? மறுபடி வெளியே போய், கொஞ்சம் மேலே குறிவைத்தார். பாதி வரி வந்தது. மூன்றாவது முறை, பலகைக்கு இரண்டு விரல் மேலே குறிவைத்தார். ஓர் எழுத்துக் குறையாமல் வந்தது. 'பரவாயில்லையே பொம்மை' என்று நினைத்துக்கொண்டு பையில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு மகள் உட்கார்ந்தாள். தலையை இரண்டு தடவை வாரிவிட்டு வந்திருந்தாள். அவர் கேமராவை எடுத்து, அவள் தலைக்கு இரண்டு விரல் மேலே குறிவைத்தார். சத்தியமாக அப்படித்தான் வைத்தார்.

"ஒரு நிமிஷம்ப்பா," என்று அவள் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் செய்து கொடுத்த கண்ணாடி. "எங்க பார்க்கணும்?"

"கேமராவைப் பாரு."

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கண்கள் பளிச்சென்று வந்து அவர் முகத்தில் நின்றன, இரண்டும். அவர் கை இரண்டு விரல் கீழே இறங்கியது. வரிசையாகப் பன்னிரண்டு படம் எடுத்தார்.

சாயங்காலம் அவள் ஒயரைச் செருகினாள். சட்டைப் பொத்தான்கள், தோள், மடியில் கண்ணாடி, அதைப் பிடித்திருந்த விரல்கள். கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. பன்னிரண்டிலும் அப்படித்தான்.

"ஐயோ, தலை எங்கடி?" என்றாள் அம்மா.

"இப்பத்தான் லட்சணமா இருக்கா," என்றார் அவர், தன் நாற்காலியிலிருந்து. "தலை இல்லேன்னா மாறுகண்ணும் இல்லை."

"வாயைக் கழுவுங்க."

மகள் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். படங்களை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள். ஓரிடத்தில் நின்றாள். கீபோர்டில் ஏதோ தட்டினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"அடுத்த தடவை கொஞ்சம் தூக்கிப் பிடிங்கப்பா."

"தூக்கித்தான் பிடிச்சேன். பொம்மை வேற எப்படி எடுக்கும்?"

அடுத்த ஞாயிறும் அதே கூத்து. "சரி, கேமராவுக்குத் தலைன்னா ஆகாது போல," என்று அவளே சொல்லிக்கொண்டாள். அதற்கடுத்த ஞாயிறு, அவர் சொல்லாமலே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். துடைத்துத் துடைத்து லென்ஸ் பளபளத்தது.

"இப்ப எடுங்கப்பா. கொஞ்சம் தூக்கி."

அது சமாதானக் கொடி என்று அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததும் உள்ளே ஒரு ருசி தட்டியது. அடுத்த வாரம் எடுத்துக் கொடுத்துவிடலாம், இன்னும் ஒரு தடவை கெஞ்சட்டும் என்று நினைத்தார். கொஞ்சம் மட்டும் தூக்கினார். அன்றைய படத்தில் அவள் உதடு வரைக்கும் வந்தது. உதடு சிரித்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை வேலைக்குப் போகும்போது, பின்னால் வந்த லாரி அவளை அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

காரியங்கள் எல்லாம் ஓய்ந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகு, அவர் மனைவி ஆல்பங்களைத் தரையில் பரப்பினாள். ஒன்றிலும் மகள் இவர்களைப் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் சுவரையே பார்த்தாள். போனிலும் ஒன்றுமில்லை.

"நேராப் பார்க்கிறது ஒண்ணே ஒண்ணு போதும்," என்றாள். "ரெண்டு மாசம்தான் அவ நேராப் பார்த்தது."

எழுந்து போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். கேமராவில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள்.

"ஏங்க. இங்க வாங்க."

திரையில் கடைப் பலகை. முதல் படத்தில் மேல் வரி இல்லை. இரண்டாவதில் பாதி. மூன்றாவதில் முழுசாக. நாலாவதிலிருந்து மகள், தலையில்லாமல். எல்லாப் படங்களுக்கும் அடியில் வெறும் எண் இருந்தது. மூன்றாவதற்கு மட்டும் எண்ணை எடுத்துவிட்டு யாரோ ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: அப்பாவுக்கு வரும்.

கண்ணாடிக்காரருக்கு அந்த முதல் சாயங்காலம் ஞாபகம் வந்தது. படங்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்தவள் ஓரிடத்தில் நின்றது. ஏதோ தட்டியது. அதற்குப் பிறகுதான் 'தூக்கிப் பிடிங்கப்பா' என்றது. அன்றைக்கே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இன்னும் இரண்டு ஞாயிறு வந்து உட்கார்ந்தாள்.

"பலகைக்கு வந்துச்சு," என்றாள் மனைவி. "பொண்ணுக்கு மட்டும் வரலியா?"

"கை... கை நடுங்கியிருக்கும்."

"லென்ஸ் தேய்க்கிற கை."

அதற்கு மேல் அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மறுநாள் கடைசி ஞாயிற்றுப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கூடத்தில் அவர் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினாள். சட்டை, கழுத்து, சிரிக்கிற உதடு. அதற்கு மேலே சட்டத்தின் மரம்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பக்கத்து வீட்டம்மா நாற்காலியில் உட்காரும்போதே திடுக்கிட்டார்.

"என்னம்மா இது, தலையைக் காணோமே?"

"எடுத்தவர் அங்கதான் உட்கார்ந்திருக்கார். அவரையே கேளுங்க."

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "அது வந்து... பொம்மைக் கேமரா. பழுது."

மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்து அவளுடைய அண்ணன் வந்தபோதும் அதே கேள்வி, அதே பதில். "நீங்க என்ன மாப்ளே பண்ணுவீங்க, பொம்மையை வச்சுக்கிட்டு," என்று அண்ணன் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை கையில் இன்னொரு சட்டத்தோடு வந்தாள். கடைப் பலகை. மூன்றாவது படம். அடியில் அந்தப் பெயரையும் சேர்த்து அச்சடித்திருந்தாள்.

"இது எதுக்கு?" என்றார்.

"கேட்கிறவங்களுக்கு இனிமே நீங்க சிரமப்பட்டுச் சொல்ல வேண்டாம். ஸ்டூல்ல ஏறுங்க. அவ பக்கத்துல."

அவர் ஏறினார். ஆணி அடித்தார். லென்ஸ் தேய்க்கிற கை நடுங்கியதில், இரண்டு அடி விரலில் விழுந்தது. சட்டத்தை வாங்கிச் சுவரில் வைத்துத் திரும்பிப் பார்த்தார். மனைவி எதிரே போய், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

தூக்கினார்.

"இன்னும்."

இன்னும் இரண்டு விரல் தூக்கினார். சட்டம் மகள் படத்துக்குச் சரிசமமாக நின்றது.

"வருதே," என்றாள் மனைவி. "உங்களுக்கு நல்லாவே வருதே."