ஒரு விரல் உயரம்

செயற்கைக் கால் செய்து தருகிற அந்த ஆளுக்கு நான் வைத்த பெயர் ரசமட்டம். எதை எடுத்தாலும் மட்டம் பார்ப்பார். எதிரில் நிற்கிற மனுஷியை மட்டும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஒரு லாரி என் இடது காலை முட்டிக்குக் கீழே தின்று எட்டு மாதம் ஆகிறது. அவர் செய்த கால் வந்து ஆறு வாரம். இன்று நாலாவது முறையாக அவரோடு சண்டைக்குப் போயிருந்தேன். துணைக்கு நாத்தனார்.

திங்கட்கிழமை எனக்குப் பரீட்சை. ஆஸ்பத்திரி உடுப்பு தைக்கிற கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். சூப்பர்வைசர் கண் முன்னால் அரை நாள் மேஜையருகே நின்று துணி வெட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் மூலை பெஞ்சில் உட்கார்ந்து நூல் பிசிறு நறுக்க வேண்டியதுதான். பதினாறு வருஷம் துணி வெட்டிய கை பிசிறு நறுக்குவதா? நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

"நடங்க" என்றார் ரசமட்டம்.

நடை பழக வைத்திருக்கும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடந்தேன். கம்பியைத் தொடவே இல்லை. சனியன் பிடித்த கால், அவர் முன்னால் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்தது.

"நல்லாத்தானே நடக்கறீங்க?"

"இங்க நடக்குது. நின்னு பழகலாம்னு கம்பெனிக்குப் போனா, மேடு ஏறுற மாதிரியே இருக்கு. முட்டியப் பிடிச்சுப் பின்னால தள்ளுது. நேத்து மேஜையப் பிடிக்கலன்னா மல்லாக்க விழுந்திருப்பேன்."

"கால்ல ஒரு குறையும் இல்ல. மூணு தடவை பாத்தாச்சு. நீங்க வீட்ல பயிற்சி செய்யறதில்ல, அதான்."

"செய்யறேன்."

"செய்யற மாதிரி தெரியல. மனசுல பயம். அதுக்கெல்லாம் நான் திருகாணி முறுக்க முடியாது."

மேஜையில் இருந்த தாளை என் பக்கம் நகர்த்தினார். கம்பெனிக்கு அவர் எழுதிய கடிதம். 'பயிற்சியில் அக்கறை இல்லை. நின்று செய்யும் வேலைக்கு ஏற்றவரல்ல.' அடியில் கையெழுத்தும் போட்டாயிற்று.

"விடுங்க அண்ணி. படிச்சவரு, தெரியாமயா சொல்வாரு?" என்று நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் என்றைக்கு என் பக்கம் பேசியிருக்கிறாள், இன்றைக்குப் பேச?

எனக்குக் கோபம் தலைக்கேறியது. குனிந்து பொய்க்காலில் இருந்த ஷூவைக் கழற்றினேன். அதை ஓங்கிக்கொண்டு அவரை நோக்கி ஓர் அடி வைத்தேன்.

அவ்வளவுதான். முட்டி பின்னால் போயிற்று. ஷூ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாத்தனார் தாங்கிப் பிடித்ததால் மண்டை தப்பியது.

ரசமட்டம் என்னைத் தூக்க வரவில்லை. தரையில் கிடந்த ஷூவை எடுத்து, அதன் குதியை விரலால் அளந்தார். பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"வேலை செய்யிற எடத்துல ஷூ போட மாட்டீங்களா?"

நாத்தனார் முந்திக்கொண்டாள். "வாசல்லயே கழட்டணும். தூசி உள்ள போகக் கூடாதுன்னு எல்லாரும் சாக்ஸோடதான் நிப்பாங்க."

"அத ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல?" என்றேன்.

ஒரு விரல் உயரக் குதி. அந்த உயரத்துக்குக் கணக்காகத்தான் காலின் சாய்வை வைத்திருந்தார். ஷூவைக் கழற்றினால் குதி இறங்கும்; கால் பின்னால் சாய்ந்து முட்டியையும் இழுத்துக்கொண்டு போகும். ஆறு வாரம் வீட்டிலும் கம்பெனியிலும் ஷூ இல்லாமல் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, இவரைப் பார்க்க மட்டும் ஷூ மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆத்திரத்தில் பாதி என் மேலேயே திரும்பியது. அதை இவரிடம் காட்டிக்கொள்ள நான் என்ன முட்டாளா?

இன்னொரு ஷூவையும் கழற்றச் சொன்னார். பொய்க்காலில் கணுக்காலுக்கு மேலே நாலு திருகாணி. ஒன்றைத் தளர்த்தி, எதிரில் இருந்ததை முறுக்கினார். நடந்தேன். இன்னும் கொஞ்சம் முறுக்கினார். மறுபடி நடந்தேன். மேடு போய்த் தரை வந்தது.

"இனிமே குதி வெச்ச ஷூ போடாதீங்க. முட்டி முன்னால மடங்கும். தட்டையா இருக்கறதா வாங்கிக்கோங்க." மன்னிப்பு மாதிரி ஒரு வார்த்தை? மூச்! "ஷூவ ஓங்கினதுக்கு..." என்று இழுத்தார்.

"அக்கறை இல்லன்னு எழுதினதுக்கு..." என்று நானும் இழுத்தேன்.

நாத்தனார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பிகளை விட்டு வெளியே வந்தேன். மேஜைக்கு எட்டு அடி. எட்டையும் சாக்ஸோடு நடந்தேன். கடிதத்தை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"வேற எழுதுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு புதுத் தாள் எடுத்தார். நாற்காலி ஒன்றைக் காலாலேயே என் பக்கம் நகர்த்தினார்.

"நேரமாகும். உக்காருங்க."

"நின்னு செய்யிற வேலைக்கு ஏத்தவங்கன்னுதானே எழுதப் போறீங்க? நிக்கறேன். பாத்து எழுதுங்க."