பதினான்காம் கேள்வி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அன்றைக்கு வந்தது வேறு ரகம். பேச்சுப் பயிற்சி அறையின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். இந்தப் பகுதியில் பேச்சுத் தாமதம் உள்ள குழந்தைகள் எவரும் இல்லை என்று கணக்கெடுப்பில் தெரியவந்துள்ளதாம். ஆகவே இந்த மாதக் கடைசியோடு அறை மூடப்படுமாம். நான்கு வயதாகியும் "மா"வைத் தாண்டாத என் தங்கை மகள் அதற்குக் கீழே நின்று, காகிதத்தின் ஓரத்தைச் சாவகாசமாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வாலு என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். எவரும் இல்லையாமே, அப்படியென்றால் இவள் யாராம்?

"என்னக்கா பண்றது, மேல எடுத்த முடிவு" என்றாள் தங்கை. அவள் அப்படித்தான். பேருந்தில் யாராவது இவள் காலை மிதித்தால், இவள் மன்னிப்புக் கேட்பாள். வாலு அந்த அறைக்கு வர ஆரம்பித்த ஏழு மாதத்தில்தான் "மா" என்ற ஒன்றாவது வந்தது. அறையை மூடினால் அடுத்த அறைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அங்கேயும் இடம் கிடைக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்கும் தெரியும். தெரிந்தும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் சும்மா விடுவேனா? அந்தக் கணக்கெடுப்பை எடுத்ததே நான். பதினோரு வருடமாகக் குழந்தை வளர்ச்சிப் படிவத்தோடு படியேறி இறங்குகிறேன். பிள்ளை எந்த மாதம் குப்புற விழுந்தது, எப்போது நடந்தது, எடை என்ன, எத்தனை வார்த்தை சேர்த்துப் பேசுகிறது, எல்லாம் கேட்டு எழுதுபவள். என் எண் நானூற்றுப் பதினேழு. இந்தத் தெருக்களில் பேச்சு வராத பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பூஜ்யமாம், பூஜ்யம்!

உடனே கணக்கெடுப்பு அலுவலரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அறிக்கை முடிஞ்சு போச்சும்மா. படிவம் எதுவும் இப்ப எங்ககிட்ட இல்ல. தகவல் பூரா இணைய நூலகத்துல ஏத்தியாச்சு. வேணும்னா அங்க போய்ப் பாத்துக்கோங்க" என்றார். இவள் எங்கே பார்க்கப் போகிறாள் என்ற அலட்சியம் அந்தக் குரலில் அப்பட்டமாகத் தெரிந்தது.

மறுநாள் மதியம், பயிற்சி அறை டீச்சரின் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். நூலகத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். 'நீங்கள் யார்?' என்று கேட்டது. மாணவர், ஆய்வாளர், நிறுவனம். கணக்கெடுத்தவள் என்று ஒரு கட்டம் இல்லை! வீடு வீடாக அலைந்தவளுக்குத் தவிர மற்ற எல்லோருக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆய்வாளர் என்பதை அழுத்தினேன். 'நோக்கம்' என்ற இடத்தில், 'நான் எடுத்த கணக்கை நான் பார்க்க' என்று எழுதினேன். பத்தே நிமிடத்தில் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது. பக்கத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. எடுத்தவர் நூலகர்.

"நோக்கம் தெளிவா இல்லன்னு வந்திருக்குங்க. ஆராய்ச்சிக்கா?"

"ஆராய்ச்சி இல்லீங்க, சண்டைக்கு."

அவர் சிரித்துவிட்டார். "சண்டைன்னு எழுதினா திரும்பவும் தள்ளிடும். 'சரிபார்த்தல்'னு எழுதுங்க, அதுவும் அதேதான். பேர், முகவரி நீக்கின கோப்பு எல்லாருக்கும் பொது. நிபந்தனைய ஏத்துக்கிட்டா திறந்துடும். கூடவே குறியீட்டு விளக்கத்தையும் இறக்கிக்குங்க. அது இல்லாம வெறும் எண்ணைப் பாத்தீங்கன்னா தலை சுத்தும்."

அப்படியே எழுதினேன், கோப்பு திறந்தது. ஒரு வரிக்கு ஒரு குழந்தை. பெயர் கிடையாது, பகுதி எண், கணக்கெடுத்தவர் எண், பிறகு பதில்கள். நானூற்றுப் பதினேழை மட்டும் பிரித்துப் போட்டேன். இருநூற்று ஆறு வரிகள். பதினான்காம் கேள்வி, 'குழந்தை வார்த்தைகள் சேர்த்துப் பேசுகிறதா?' ஒன்று என்றால் ஆம், இரண்டு என்றால் இல்லை. மேலிருந்து கீழே வரை ஓர் இரண்டுகூட இல்லை. ஆனால் முப்பத்தொரு வரிகளில் ஒன்பது இருந்தது. ஒன்பதுக்கு விளக்கத்தைத் தேடினேன். 'பதிலளிக்க மறுத்தவர், பட்டியலில் சேர்க்கப்படவில்லை.'

எனக்கு வந்ததே ஆத்திரம்! என்னிடம் பதில் சொல்ல மறுத்தவர்கள் முப்பத்தொரு பேரா? பதினோரு வருடத்தில் என் முகத்தில் கதவைச் சாத்தியவர்கள் மொத்தமே மூன்று பேர். அதில் ஒருத்தி மறுநாளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பதில் சொன்னாள். அதுவும் இந்த வரிகளில் பதின்மூன்றாம் கேள்விக்குப் பதில் இருக்கிறது, பதினைந்துக்கும் இருக்கிறது. நடுவில் ஒன்றுக்கு மட்டும் வாயை மூடிக்கொள்வார்களா என்ன?

அப்போதுதான் ஒரு வரியில் கண் நின்றது. பெண், மூன்று வயது எட்டு மாதம், பதினோராம் மாதம் நடந்தாள், இடது முழங்காலில் தழும்பு. நம்ம வாலு. அப்படியானால் பதில் சொல்ல மறுத்தவள் என் தங்கை!

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. இந்தக் கணக்கெடுப்பில் முதல் வீடு தங்கையுடையது. அன்றைக்குப் பதினான்காம் கேள்வியை வாசித்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டு "இல்லக்கா" என்றாள். 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட எனக்குக் கை வரவில்லை. கூடப் பிறந்தவள் எதிரே உட்கார்ந்திருக்க அதை எப்படிப் போடுவது? இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டு, பக்கத்தில் 'பேசவில்லை' என்று எழுதினேன். அதற்குப் பிறகு 'இல்லை' என்று சொன்ன ஒவ்வொரு தாயின் முகமும் அப்படித்தான் மாறியது, அத்தனை பேருக்கும் அதையே எழுதினேன். எங்கோ ஓர் அறையில் படிவங்களைக் கணினியில் ஏற்றியவர் என்ன கண்டார்? கட்டம் காலி, பக்கத்தில் 'பேசவில்லை'. தாய்தான் பேசவில்லை என்று நினைத்து ஒன்பதைப் போட்டுவிட்டார். தாய்மார் சொன்ன பதிலோடு பிள்ளைகளையும் சேர்த்துத் துடைத்தாயிற்று.

ஊரைத் திட்டக் கிளம்பி வந்தேன், கடைசியில் தப்பு என் பேனாவில்தான் இருந்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுபடி நூலகரைக் கூப்பிட்டேன்.

"எண்ணை நாங்க மாத்த மாட்டோம்" என்றார் அவர். "ஆனா கோப்போட திருத்தக் குறிப்பு சேக்கலாம். கணக்கெடுத்தவங்களே கையெழுத்துப் போட்டு எழுதித் தரணும். யாரு அந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல்ல அதுதான் கண்ணுல படும். உங்க எண்ணும் சேர்ந்துதான் தெரியும். யோசிச்சுக்குங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? எழுதினேன். 'பதினான்காம் கேள்வியில் கட்டத்தில் குறியிடாமல் பேசவில்லை என்று எழுதியது நான். பேசாதவர்கள் குழந்தைகள், தாய்மார் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார்கள். தவறு என்னுடையது. குழந்தைகள் முப்பத்தொருவர் இருக்கிறார்கள். 417.' முப்பத்தொரு வரிகளின் எண்களையும் கீழே கொடுத்தேன். இருபது குழந்தைகள் இருந்தாலே ஓர் அறை வேண்டும் என்பது துறையே போட்ட விதிதான்.

மூன்றாம் நாள் குறிப்பு கோப்பில் ஏறியது. அன்று சாயங்காலமே அலுவலர் கூப்பிட்டார். நான் தங்கை வீட்டில் இருந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"நானூத்திப் பதினேழு! யாரைக் கேட்டு இதைப் பண்ணீங்க? உலகமே பாக்கற இடத்துல துறையோட மானத்தை வாங்கிட்டீங்களே!"

"என் மானத்தைத்தான் சார் வாங்கியிருக்கேன். நல்லாப் படிச்சுப் பாருங்க. தப்பு என்னுதுன்னுதான் எழுதியிருக்கு."

"நாளைக்குள்ள வாபஸ் வாங்கணும். இல்லன்னா அடுத்த கணக்கெடுப்புல உங்க எண்ணே இருக்காது."

"தாராளமா எடுத்துக்குங்க. பிள்ளைங்களை இல்லாம ஆக்குன எண்ணு எனக்கெதுக்கு?"

அவர் குரல் தணிந்தது. அது இன்னும் மோசம். "நீங்க இப்ப ஆயிரம் சொல்லலாம்மா. பதில் சொல்ல மறுத்தாங்கன்னுதான் பதிவுல இருக்கு. அந்த அம்மாக்கள்ல ஒருத்தராவது வாயைத் திறந்தாங்கன்னு உங்களால காட்ட முடியுமா?"

நான் வாயெடுப்பதற்குள், மடித்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தாள் தங்கை. என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சார், பேசாதது என் பொண்ணு. நான் பேசுவேன்."

பிற்பாடு அறை தப்பியது, என் எண் போனது, அதெல்லாம் நடந்தது. ஆனால் எனக்கு அன்றைக்கு அவள் நின்ற நிலைதான் பெரிது.

"பதினோரு மாசத்துல நடந்தா சார் இவ. ரெண்டு வயசுல பக்கத்து வீட்டுப் பிள்ளை கதை சொல்லுது, இவ விரலை நீட்டிக் காட்றா. நான் வளத்த லட்சணம்னு சொன்னாங்க, கேட்டுக்கிட்டேன். எங்கக்கா படிவத்தோட வந்தப்ப ஒரு மணி நேரம் உக்காந்து அத்தனைக்கும் பதில் சொன்னேன். அவமானமா இருந்துச்சு, ஆனாலும் சொன்னேன். நான் பேசலன்னு நீங்க எழுதி வெச்சிருக்கீங்க. என்னை மாதிரி இன்னும் முப்பது பேர் இருக்காங்க, நாளைக்கு அத்தனை பேரையும் உங்க ஆபீசுக்குக் கூட்டிட்டு வரேன். அதுக்கு முன்னாடி அந்தப் பதினாலாவது கேள்விய நீங்களே உங்க வாயால எங்கிட்டக் கேளுங்க."

போனை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?" என்றாள் என் தங்கை. "பேசுங்க சார்."