பொன்விழாக் கொடியின் பூக்கள்

ஆற்றுவேலிக்கரை உயர்நிலைப் பள்ளியின் சாரணர் படைக்குப் பொன்விழா எடுத்த நாளில் ஏற்றிய கொடியிலிருந்து உதிரத் தொடங்கிய பூவிதழ்கள், ஏழு ஆண்டுகள் நான்கு மாதங்களாக இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. காற்றில்லாத நாளில் மணிக்கு இரண்டு கூடை விழும். ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் சற்றுக் குறையும்.

அந்த விழாவுக்குக் காரணம் மகிழ்ச்சி அன்று என்பதைப் பணிவுடன் குறிப்பிட வேண்டும். ஒரு காலத்தில் நாற்பது பிள்ளைகள் காக்கிச் சட்டையில் நின்ற படையில் அப்போது மிஞ்சியிருந்தவர்கள் ஐவர். மற்ற வீடுகளின் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளின் மஞ்சள் வண்டிகள் காலை ஏழரைக்கே அள்ளிச் சென்றுவிடும். வரும் ஜூன் மாதத்திற்குள் எண்ணிக்கை எட்டை எட்டாவிட்டால் படையின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும் என்று மாவட்ட அலுவலகம் கடிதம் அனுப்பியிருந்தது. சாரண ஆசிரியர் வாசுண்ணி மாஷ் பத்து வயதில் அதே படையில் சேர்ந்தவர். இருபத்தாறு ஆண்டுகளாக அதை நடத்தி வந்தவர். விழாவைச் சிறப்பாக எடுத்தால் மூன்று பிள்ளைகளாவது வந்து சேர்வார்கள் என்று நம்பி, அவர் வீடு வீடாகச் சென்றார். தேநீர்க் கடை பைலி தம் மகனை அனுப்ப மறுத்ததில் வஞ்சகம் ஏதுமில்லை. “மாஷே, முடிச்சுப் போடக் கத்துக்கிட்டு இவன் என்ன, கயிறு வியாபாரமா பண்ணப் போறான்? பரீட்சையில கிரேஸ் மார்க் எத்தனை கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்” என்றார். மாஷ் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கொடிக்குள் ஒரு பிடி பூவுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது மாஷ் ஒவ்வோர் ஆண்டும் கற்பித்த பாடம். கூடுதலாக வைத்தால் பொட்டலம் உப்பி, இழுக்கும்போது சுருக்கு இறுகிவிடும். விருந்தினர் அண்ணாந்து பார்த்தபடி நிற்க நேரிடும். ஆனால் பொன்விழாவுக்குத் துபாயிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்திருந்த பழைய சாரணர்கள், கொடி மடிக்கும் மேசையைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு பிடி தெச்சிப்பூவும் செண்டுமல்லியும் போட்டார்கள். ஒருவரிடமும் வேண்டாம் என்று சொல்ல மாஷுக்கு வாய் வரவில்லை. பலாக்காய்ப் பருமனில் பொட்டலம் உச்சிக்குச் சென்றது. சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்தார், அசையவில்லை. மீண்டும் இழுத்தார். “மாஷே, உள்ள வெச்சது பூவா, சிமெண்டா?” என்று துபாய்க்காரர் ஒருவர் காதருகே கேட்டார். மூன்றாம் இழுப்பில் கொடி விரிந்தது, எல்லாரும் கைதட்டினார்கள்.

இதழ்கள் விழுந்து முடித்தபின் கொடிப்பாடல் தொடங்குவது அப்பள்ளியின் வழக்கம். விழுந்து முடியவில்லை. சாரண வணக்கமாக மூன்று விரல்களை நெற்றியில் வைத்தபடி அனைவரும் இரண்டு மணி நேரம் நின்றார்கள். விருந்தினருக்கு வேறொரு திருமணத்திற்குச் செல்ல வேண்டியிருந்ததால், கையை மெல்ல இறக்கி, மன்னிப்புக் கேட்டு விடைபெற்றார். மாலை ஆறு மணிக்கு விதிப்படி கொடி இறக்கப்பட்டுத் தலைமையாசிரியை லீலாமணி டீச்சரின் அலமாரியில் வைக்கப்பட்டது. திங்கட்கிழமை அலமாரிக் கதவு பெயர்ந்து கிடந்தது. “என் சம்பளப் பட்டியலெல்லாம் பூவுக்கடியில கெடக்கு மாஷே. இத மேலயே ஏத்திடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றார் லீலாமணி டீச்சர்.

முதல் ஆண்டு இதைப் பார்க்க மக்கள் பேருந்து பிடித்து வந்தார்கள். படையின் எண்ணிக்கை பன்னிரண்டானது. பைலியின் மகனும் சேர்ந்தான். மாஷ் புதிய விசில் ஒன்று வாங்கினார். அந்த ஓணத்திற்கு ஊரில் யாரும் பூ வாங்கவில்லை. பூக்கடைக்காரர் லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கினார். இரண்டாம் ஆண்டு மழையில் இதழ்கள் அழுகி வழுக்கின. பைலியின் மகன் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். ஜூன் மாதம் பள்ளிக்கான தகுதிச் சான்றிதழுக்காக வந்த பொறியாளர், மைதானத்தில் முழங்கால் அளவு பூ இருப்பதை அளந்து, பிள்ளைகள் நடமாட உகந்ததன்று என்று எழுதினார். எழுதும்போது உண்மையாகவே வருந்தினார். போகையில் மகளின் நிச்சயதார்த்தத்திற்கென ஒரு சாக்கு இதழ் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாஷ் ஏணி வைத்து ஏறினார். துணி உலர்ந்து சுத்தமாக இருந்தது. அதை அவிழ்த்து எடுத்தார்; வெறும் கம்பத்தின் உச்சியிலிருந்து இதழ் விழுந்தது. கம்பத்தைப் பிடுங்கினார், அது நின்ற இடத்துக்கு மேலே, காற்றிலிருந்து விழுந்தது. கொடியில்லாமல் விழுவது பார்ப்பதற்கு நன்றாக இல்லை என்று ஊரார் கூறியதால் இரண்டும் பழையபடி நிறுத்தப்பட்டன. சான்றிதழ் இல்லாத பள்ளியின் பிள்ளைகள் மூன்று பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அவற்றுள் எதிலும் சாரணர் படை இல்லை. எண்ணிக்கை சுழியம் என்றும், படை நீக்கப்பட்டது என்றும் பதிவுத் தபால் வந்தது. மாஷ் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டார். புதிய விசிலைப் பைலியின் மகனிடம் கொடுக்கச் சென்றார். அவன் மஞ்சள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தான்.

அதன்பின் சொல்வதற்கு அதிகமில்லை. வடிகால் அடைபடாமலிருக்க, ஊராட்சி அந்த மைதானத்தை நூறு நாள் வேலையில் சேர்த்தது. மழைக்கு முந்தைய துப்புரவு அறிவிப்பில் சருகுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே “பள்ளிப் பூ” என்று இப்போது அச்சிடுகிறார்கள். பணி ஓய்வு பெற்ற மாஷும் பெயர் கொடுத்தார். வாரத்தில் மூன்று நாள் பெண்களோடு சேர்ந்து பெருக்குகிறார். வேலையை மேற்பார்க்கும் சாந்தகுமாரிக்கு அவர் பெருக்கும் விதத்தில் திருப்தி இல்லை.

“கம்பத்துக்கிட்டயிருந்து ஆரம்பிக்காதீங்க மாஷே. ஓரத்துலருந்து வாங்க. இல்லேன்னா சாயங்காலம் வரைக்கும் ஒரே எடத்தையே பெருக்கிட்டிருப்பீங்க.”

“இது என்னைக்காவது நிக்கும்னு தோணுதா, சாந்தே?”

“வாயக் கழுவுங்க மாஷே! பதினாலு வீட்டுல அடுப்பு எரியறது இதுலதான்.”

மாஷ் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓரத்திற்கு நடந்தார்.