கிளி விரட்டும் குரல்

ராஜா முகம்மது கத்தினால் திராட்சைப் பந்தலில் கிளி தங்காது. கிளி என்ன, மலையிறங்கிய யானையே அடிவாரத்து லோயர் கேம்பில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போனதாகக் கம்பத்தில் சத்தியம் செய்வார்கள். தொண்டை நோகிறதென்று அந்தக் கத்தலைத் தன் பாட்டுக் கேட்கும் டச் ஸ்கிரீன் பிளேயரில் பதிவு செய்து, ஸ்பீக்கரில் மாட்டிப் பந்தலில் தொங்கவிட்டார். பிளேயர் உள்ளங்கை அகலம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உச்சியில் ஒற்றைப் பட்டன். விரலால் தள்ளினால் பாட்டு மாறும், படம் புரளும்.

அவர் மௌத்தான பிறகும் கிளிகள் அதற்குப் பயந்தன. மனைவி ரம்லத்துக்கு அவர் குரல் என்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

சாரலில் கண்ணாடிக்குள் ஈரம் இறங்கியது. அன்றிலிருந்து யாரும் தொடாமலே திரை விழித்தது, பக்கம் நகர்ந்தது. அவர் விரலின் அதே அவசரம். இன்று காலை அந்தப் பதிவின்மேல் போய் நின்று, ‘அழிக்கவா?’ என்று கேட்டது. ரம்லத் பதறி அதை அணைத்துவிட்டு, ராயப்பன்பட்டிக்கு பஸ் ஏறினாள்.

“வயர் குத்துற இடம் துருப்பிடிச்சுப் போச்சுக்கா. சார்ஜும் ஏறாது,” என்றான் செல்போன் கடை ஜஸ்டின். “ஓடவிட்டு உங்க போன்ல ரெக்கார்டு பண்ணணும். ஆனா தொடவிட மாட்டேங்குதே!”

அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் திரை தாவியது. மறுபடி அந்த ‘அழிக்கவா?’ எழுந்தது. ‘ஆம்’ மினுங்கியது.

“யக்கா, உள்ளருந்து யாரோ தொடுறாப்புல இருக்கு!” ஜஸ்டின் சிலுவை போட்டுக்கொண்டான்.

“யாரோ என்ன, அவுகதான். உசுரோட இருந்தப்பவும் என்னைய ஒண்ணத் தொடவிட மாட்டாக.” ரம்லத் முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்தாள். “ஏங்க, கைய எடுங்க. நான் அமுக்குறேன்.”

திரை அசையாமல் நின்றது.

‘இல்லை’யை அமுக்கினாள். பிறகு பதிவைத் தொட்டாள். ஜஸ்டின் அவள் போனில் ரெக்கார்டு போட்டு ஒட்டிப் பிடித்தான்.

“ஏலே! ஓடு! இங்கன வந்த, றெக்கையப் பிச்சுப்புடுவேன்!”

எதிர் டீக்கடையில் கிளாஸெல்லாம் தானாகக் கவிழ்ந்தது. சர்ச் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாய்க் கிளம்பியதில் ஊரே ஒரு நொடி இருட்டிவிட்டது. சார்ஜ் தீர்ந்து பிளேயரும் இருண்டது.

ஜஸ்டின் போனில் போட்டுக் காட்டினான். கத்தல் முழுசாக இருந்தது. ரம்லத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கத்தல் முடிந்தும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ரெக்கார்டு பண்ணியபோது கத்தலுக்குப் பிறகு கடையில் யாரும் வாய் திறந்திருக்கவில்லை. ஆனால் அதே தொண்டை, கிளிகள் ஒருநாளும் கேட்டிராத மெல்லிய குரலில் சொன்னது:

“கைய எடுத்துட்டேன், ரம்லத்து.”

ஜஸ்டின் ஸ்டூலோடு சாய்ந்தான்.

“எந்திரி தம்பி,” என்றாள் ரம்லத். “சத்தத்தக் கொஞ்சம் கூட்டு.”