பெண் பேரில் ஒரு பாடு

டீக்கடையில் கிளாஸை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பார் தசரதன். பெற்ற மகள் கொடுக்கும் மாத்திரையைக்கூட இரண்டு முறை திருப்பிப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதர் அன்றைக்குக் கோயில் வாசலில் ஊர் ஆண்கள் அத்தனை பேரையும் நம்பி உட்கார வேண்டியதாயிற்று.

பழவேற்காடு ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். வீட்டுக்கு ஓர் ஆண், அவன் பேரில் ஒரு சீட்டு. படகேற ஆண் இல்லாத வீட்டின் பேரை அடித்துவிடுவார்கள். பேர் போனால் ஏரி போயிற்று.

தசரதனுக்கு வலது தோள் விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. மகன் கிடையாது. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்த கலைவாணி ஒருத்திதான்.

ஊர்த் தலைவர் ராஜவேலு, இந்த வருஷச் சீட்டுக்குப் பேர் எழுதும் நோட்டிலிருந்து தலை தூக்கினார். "தசரதண்ணே, கை எப்படிக்கீது?"

"கை போச்சு. எம் மவ எறங்குவா. அவ பேரை எழுது."

சிரிப்பு கிளம்பியது. "வலை பொம்பள கைக்கு ஆவாதுன்னு சொன்னதே நீதானேண்ணே!" என்றான் கூட்டத்திலிருந்த மோகன்குமார்.

சொன்னதுதான். இருபது வருஷத்துக்கு முன்னால், இருசம்மாளின் புருஷன் செத்த மாசம், இதே வாசலில் எழுந்து நின்று சொன்னார். அவள் வீட்டுப் பேரை அடித்தார்கள். அதன்பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கையால் சேற்றைத் துழாவி இறால் பொறுக்கித்தான் அவள் மகள் பூவிழியை ஆளாக்கினாள்.

பெண்கள் ஒதுங்கி நிற்கும் வேப்பமரத்தடியிலிருந்து அந்த இருசம்மாளே இப்போது முன்னால் வந்தாள். இன்றைக்கு விடமாட்டாள் என்று தசரதன் நினைத்தார்.

"ஒரு வருசமா தண்ணில நின்னு பாத்துகினுதான்கீறேன்" என்றாள் அவள். "கம்பு நடறதும் கலைவாணிதான், வலை இழுக்கறதும் அவதான். இந்த மனுசன் படகுல குந்திகினு வெத்தல மென்னாரு. மெல்றவருக்குப் பாடு குடுத்தீங்க. இழுக்கறவளுக்குக் குடுத்தா இன்னா கெட்டுப்போவும்?"

ராஜவேலு சற்று நேரம் பேனாவை உருட்டினார். பிறகு தசரதன் பேரை அடித்து, கலைவாணி பேரை எழுதினார்.

"நைனா, எழுதிட்டாங்க" என்றாள் கலைவாணி. தசரதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருசம்மாளிடம் போனார். நன்றி சொல்ல வாய் எடுத்தால் வழக்கமான பேச்சுதான் வந்தது.

"ஒனக்கு இன்னா வேணும்?"

"ஒன்னும் வேணாம் போ."

"ஒன்னும் வேணாம்னு சொல்றவங்கள நா நம்பறதில்ல."

"நம்பாத. அன்னிக்கு நீ பேசறப்போ, யாராச்சும் ஒருத்தர் எனக்காவ எழுந்துப்பாங்கன்னு இந்த மரத்தடில நின்னு பாத்துகினே இருந்தேன். யாரும் எழுந்துக்கல."

அந்த வார்த்தையில் மட்டும் அவருக்குச் சந்தேகப்பட எதுவும் கிடைக்கவில்லை. உட்காரப் போனவர் நின்றார். இடது கையைத் தூக்கினார்.

"ராஜவேலு, நோட்டை மூடாத. இருசம்மா வீட்டுப் பேரையும் எழுது. அன்னிக்கு நா பேசினது தப்பு. அடிக்க வெச்சது நான்தான்."

"தோ பாருடா!" என்று யாரோ முனகினார்கள். தசரதன் கையை இறக்கவில்லை. ஒரு பேரை எழுதிய நோட்டில் இன்னொரு பேரை மாட்டேன் என்று சொல்ல ராஜவேலுவுக்கு வழியும் இல்லை. எழுதினார்.

இருசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "இந்த வயசுல நா படகு ஏறணுமாண்ணே?"

"பூவிழி இழுக்கட்டும். நீ குந்திகினு வெத்தல மெல்லு" என்ற தசரதன், இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்து அவளிடம் நீட்டினார். அதை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை.