கீழேயிருந்து ஏறிய தையல்

முதலில் கோணிய தையல் எது என்று இன்று கேட்டால் டெய்லர் மாஸ்டரால் அடித்துச் சொல்ல முடியாது. பள்ளிச் சீருடையா, டீச்சரின் சட்டையா? யோசிக்க யோசிக்க இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. டீச்சர் கடை வாசலில் நின்று சட்டையை உட்புறம் திருப்பிக் காட்டியது மட்டும் அப்படியே இருக்கிறது.

"என்ன மாஸ்டர், தையல் தண்ணியடிச்சிட்டு வீட்டுக்குப் போற மாதிரி போகுது?"

"மிஷினுக்கு வயசாச்சு டீச்சர். நமக்கெல்லாம் ஆகலையா?"

உள்ளே மிஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தலையைத் தூக்கவில்லை.

வெட்டுவது அவர், தைப்பது அவள். கல்யாணமான நாளிலிருந்து கடை அப்படித்தான் நடந்தது. அவள் தையலோடு ஸ்கேல் ஒத்துப்போகவில்லையென்றால் ஸ்கேலைத்தான் தூக்கிப் போடவேண்டும் என்று தெருவில் சொல்வார்கள். அன்று சாயங்காலமே மாஸ்டர் ஊசிக்குக் கீழே இருக்கும் தட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களின் இடுக்கில் அடைந்திருந்த பஞ்சைத் துடைத்தார். எண்ணெய் விட்டார். புது ஊசி போட்டார். நூலை இறுக்கிப் பார்த்தார், தளர்த்திப் பார்த்தார். தையல் அலைந்துகொண்டேதான் இருந்தது. கடைசியில் தட்டின் மேல் வெள்ளை டேப்பை நேராக ஒட்டினார்.

"ஊசியப் பாக்காத. துணியோட ஓரம் இந்த டேப்ப ஒட்டியே போகுதான்னு மட்டும் பாரு."

"எனக்கேவா? நல்லாருக்கு. நாளைக்கு மீனுக்கு நீச்சல் சொல்லிக் குடுங்க."

சொல்லிவிட்டு அப்படியே செய்தாள். துணியைத் தள்ளவில்லை, இழுக்கவில்லை, மெதுவாகத்தான் மிதித்தாள். பாதி வழியில் அவளுடைய வலது கட்டைவிரல் தானாகத் துடித்தது. துணி டேப்பை விட்டு விலக, தையல் வளைந்து, திரும்பி வந்தது. இருவருமே அந்த விரலைப் பார்த்தார்கள். மாஸ்டர் எழுந்து போய் இன்னொரு புது ஊசி எடுத்து வந்தார்.

அதற்குப் பிறகு மதியம் அவள் சாப்பிட வீட்டுக்குப் போனதும், அவள் தைத்ததைப் பிரித்துத் தானே தைத்து வைக்கத் தொடங்கினார். மிஷினை விட்டு எழுந்தால் அவள் என்ன ஆவாள் என்ற கேள்வி வரும்போதெல்லாம் அவர் மனம் அதன் வாசலோடு நின்றுவிடும். குறை சொல்லிக்கொண்டு யாரும் வருவது நின்றுபோனது. "அந்த ஊசிதாங்க கோளாறு" என்று அவளே சொன்னாள். முகம் தெளிந்திருந்தது. அவர் தலையாட்டினார். அந்தத் தெளிவுக்காக எத்தனை சட்டையையும் பிரிக்கலாம் என்று தோன்றியது.

ஒருநாள் இஸ்திரி போட எடுத்த சட்டையின் பக்கத் தையலை அவள் விரலால் நீவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது யாருங்க தச்சது?"

"நீதான். இங்க வேற யாரு இருக்கா?"

"நான் கக்கத்துல பிடிச்சு கீழ இறக்குவேன். மிஞ்சுற துணி கீழதான் வந்து நிக்கும். இதுல மேல நிக்குது பாருங்க. கீழேருந்து ஏறியிருக்கு."

மாஸ்டர் துணி வெட்டுவது எப்போதும் கீழ் ஓரத்திலிருந்துதான். மிஷினில் உட்கார்ந்தபோதும் கை அதே வழியில் போயிருக்கிறது. அவருக்கே அது தெரியவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார், கீழே வைத்தார்.

"எல்லாத்தையுமா?"

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"கேக்குறேன்ல. எல்லாத்தையுமாங்க?"

"கொஞ்ச நாளாத்தான்..."

அவள் சட்டையை இன்னொரு முறை நீவினாள். "நேராத்தான் தச்சிருக்கீங்க" என்றாள். பிறகு, துணி கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மிஷினுக்குத் திரும்ப வருவாள் என்று மாஸ்டர் வெகுநேரம் காத்திருந்தார். வரவில்லை.

நரம்பு என்றார் டாக்டர். கையில் தொடங்கியது பேச்சுக்கும் வந்தது. டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். கடை இருக்கிறது, வெட்டுவதும் தைப்பதும் மாஸ்டர்தான். அவள் அந்த நாற்காலியில் இருக்கிறாள். அவர் மிதிக்க ஆரம்பித்தால் அவளுடைய வெறும் பாதமும் தரையில் சேர்ந்து மிதிக்கும். தையல் முடிந்து அவர் நிறுத்திய பிறகும், அந்தப் பாதம் இன்னும் கொஞ்ச தூரம் போகும்.