சுகர் மாத்திரை

பஸ் டிப்போவின் உதிரிபாகக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டோர் கீப்பர் வேலை பார்ப்பவளுக்கு, வீட்டில் மட்டும் ஒரு பொருள் இடம் மாறிக் கிடந்தால் பொறுக்குமா? பொறுக்காது. வாஷருக்கு ஒரு ரேக், போல்ட்டுக்கு ஒரு ரேக் என்று பழகிய கை. கத்தரிக்கோல் கத்திகளோடு கிடந்தால்கூட அன்று முழுக்க வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது.

புருஷனுக்கு சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து அவருடைய உடம்பும் அவள் பொறுப்புக்கு வந்துவிட்டது. எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எல்லாம் அவள் சொன்னபடிதான். வெறும் அதிகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய அண்ணனுக்கு இதே வியாதியில் ஒரு கால் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தவள், மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தன் வீட்டில் அது நடக்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுடைய பயம், வைராக்கியம், பிரார்த்தனை எல்லாம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். டாக்டரம்மா உடற்பயிற்சி செய்யச் சொன்னபோது, "நாள் முழுக்க லிஃப்ட்டுக்கு மேலயும் கீழயும் ஏறி எறங்கறேன் மேடம், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" என்று சிரித்து மழுப்பினார். அவரிடம் சீரியஸான விஷயம் எதுவும் சீரியஸாகப் போய்ச் சேராது. எதற்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

அப்போதுதான் அவளுடைய தம்பி களத்தில் இறங்கினான். ஜிம்முக்காரர்களுக்குச் சத்து மாவும் மாத்திரையும் விற்கிற கடையில் வேலை. வயது நாற்பத்திரண்டு. கையை மடக்கிக் காட்டாமல் இரண்டு வார்த்தை பேச மாட்டான். ஓட்டாமல் கிடந்த எக்சர்சைஸ் சைக்கிள் ஒன்றை யாரிடமோ வாங்கி வந்து ஜன்னல் ஓரமாக நிறுத்தினான். கூடவே ஒரு பை நிறைய டப்பாக்கள்.

"மாமா, சும்மா பெடல் போட்டா பத்தாது. ஒடம்புக்கும் ஏதாவது குடுக்கணும்."

"டேய், டாக்டரைக் கேக்காம ஒரு மூடியைக்கூடத் திறக்கக் கூடாது" என்றாள் அவள்.

டப்பாக்களை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். டாக்டரம்மா ஒவ்வொரு லேபிளாகப் படித்தார். 'இது எதுக்கு, இவர் என்ன பந்தயமா ஓடப் போறார்?' என்று இரண்டை ஒதுக்கினார். புரோட்டீன் பவுடரை அளவு சொல்லி அனுமதித்தார். வியர்த்தால் கலந்து குடிக்கிற உப்புப் பவுடர் வெயில் நாளில் மட்டும் போதும் என்றார். குளுக்கோஸ் மாத்திரைக் குழாயை மட்டும் கையில் எடுத்து ஆட்டிக் காட்டினார். "இதுதான் முக்கியம். நீங்க சாப்பிடற மாத்திரை சுகரைக் குறைக்கும். உடற்பயிற்சியும் குறைக்கும். ரெண்டும் சேர்ந்து ரொம்பக் கீழ போயிட்டா படபடன்னு வரும், வேர்த்துக் கொட்டும். உடனே இதை மென்னு திங்கணும். சைக்கிள் பக்கத்துலயே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் அவர் பெயர்சூட்டு விழாவைத் தொடங்கிவிட்டார். புரோட்டீன் பவுடர் 'சிமென்ட்' ஆயிற்று. உப்புப் பவுடர் 'பேட்டரித் தண்ணி'. குளுக்கோஸ் மாத்திரை ஒன்றை வாயில் போட்டு மென்றார்.

"மச்சான், இது சர்க்கரையில செஞ்ச மாத்திரைதானே? அப்ப இதுதான்டா அசல் சுகர் மாத்திரை. உங்கக்கா குடுக்கறது சுகருக்கு எதிரி மாத்திரை."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அடுப்படியில் நின்றிருந்த அவளும் சிரித்தாள்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. சிமென்ட் குடித்தார், பெடல் போட்டார். காலையில் பார்க்கிற சுகர் படிப்படியாக இறங்கியது. பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனது. இதற்கெல்லாம் காரணம் யார் என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான், 'நீதான்டா சாமி' என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாத்திரையை எட்டு மணிக்குக் கொடுத்தாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். நாற்பத்தைந்து நிமிஷம் விடாமல் ஓட்ட முடியுமா என்று தம்பி முந்தின நாள் சீண்டிவிட்டிருந்தான், அந்த ரோஷம். வழக்கமாக ஓட்டுவது இருபது நிமிஷம். அவள் அன்று வீட்டை ஒதுங்கவைத்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து ஏறுவதற்குள், சைக்கிள் கைப்பிடியில் சொருகியிருந்த குளுக்கோஸ் குழாய் அவள் கண்ணில் பட்டது. மாத்திரை என்றால் மாத்திரை இருக்கும் இடத்தில் இருக்க வேண்டாமா? எடுத்துக்கொண்டு போய் மருந்து அலமாரியில் வைத்தாள்.

அரை மணி நேரம் பெடல் போட்டவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"சுகர் மாத்திரை... சுகர் மாத்திரை குடு."

இந்த மனுஷன் இத்தனை வருஷத்தில் ஒரு நாள் வாயைத் திறந்து மாத்திரை கேட்டதில்லை. கேட்கிறார் என்றால் தான்தான் கொடுக்க மறந்துபோயிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடிப்போய் மாத்திரைப் பெட்டியைப் பார்த்தாள். ஞாயிறு காலைக் கட்டம் காலி. எட்டு மணிக்குக் கொடுத்தது அந்தப் பதற்றத்தில் நினைவுக்கே வரவில்லை. நிரப்பவே மறந்துவிட்டோமோ என்று நினைத்து, அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, தண்ணீரோடு கொடுத்தாள். விழுங்கினார்.

பத்து நிமிஷத்தில் நாற்காலியில் சரிந்தார். கண் எங்கேயோ பார்த்தது. செத்துப்போன தன் தங்கையின் பெயரைச் சொல்லி இவளைக் கூப்பிட்டார். அவள் பதறிப்போய் விரலில் குத்திப் பார்த்தாள். நாற்பத்தெட்டு. அந்த எண்ணைப் பார்த்த அதே நொடியில் அவர் கேட்டது எந்த மாத்திரை என்பது அவளுக்குப் புரிந்தது. அந்தப் பெயருக்கு அடுப்படியில் நின்று சிரித்தவள்தானே அவள்!

சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தாள். பேச்சு வந்தது. தம்பிக்கு போன் போட்டாள். அவன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அங்கே வேறு டாக்டர், இளைஞர். சுகர் நூற்று நாற்பதுக்கு வந்துவிட்டதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காலையில வழக்கமான மாத்திரை ஒண்ணுதானே?"

"ஆமா" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

"சரி, ஒரு மணி நேரம் பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பறேன்."

வெளியூரிலிருக்கும் மகள் போனில் கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது. "எல்லாம் மாமாவோட டப்பாவாலதான்! அப்பா என்ன அவருக்குச் சோதனை எலியா?" தம்பி சுவரோரம் நின்றிருந்தான். கையை மடக்கவில்லை. "ஆமாம்மா, என் தப்புதான்" என்றான் போனில். பிறகு அக்காவிடம் வந்து, "நான்தான்க்கா அவரைச் சீண்டிவிட்டேன். இனிமே உங்க வீட்டுப் பக்கம் ஒரு டப்பா வராது" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அப்போது எவ்வளவு சுலபமாக இருந்தது! பழி தானாகவே வேறொருவன் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது, இவள் ஒரு விரலைக்கூட நீட்ட வேண்டியிருக்கவில்லை.

நர்ஸ் வந்து அவர் கையில் போட்டிருந்த ஊசிக் குழாயைக் கழற்றப் போனாள். "வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கட்டும்" என்றாள். தூங்கட்டும் என்ற சொல் இவளைப் பிடித்து உலுக்கியது. இரண்டு மாத்திரை உள்ளே இருக்கிறது. தூங்கும்போது மறுபடியும் இறங்கினால் யார் பார்ப்பது? அவள் டாக்டரைத் தேடி ஓடினாள். தம்பி பின்னாலேயே வந்தான்.

"டாக்டர், ஒண்ணு இல்ல, ரெண்டு. சுகர் இறங்கிக் கிடக்கும்போது, அவர் கேட்டது குளுக்கோஸ்னு தெரியாம, இன்னொண்ணு குடுத்தேன். நான்தான் குடுத்தேன்."

டாக்டர் எழுந்தேவிட்டார். "முன்னாடியே சொல்ல வேண்டாமாம்மா? இந்த மாத்திரை ஒரு நாள் முழுக்க உள்ள வேலை செய்யும். வீட்டுக்கு அனுப்பியிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டு, குளுக்கோஸ் டிரிப் போடச் சொன்னார்.

மத்தியானம், டிரிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சுகர் மறுபடியும் ஐம்பத்தைந்துக்கு இறங்கியது. நர்ஸ் ஓடிவந்து இன்னொரு ஊசி ஏற்றினாள். நல்லவேளை, கட்டிலில் இருந்தார்.

தம்பி வராந்தாவில் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "உன் மக போன்ல அவ்வளவு பேசும்போது நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருக்கணும்டா. எனக்கு அவமானமா இருந்துது. உன்னைவிட அது பெருசாப் போச்சு" என்றாள். அவன் அவள் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தான்.

சாயங்காலம் அவருக்கு நன்றாகத் தெளிந்திருந்தது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"வாயில போட்டதுமே கசந்துது. அது இல்லன்னு அப்பவே தெரிஞ்சுது."

"ஐயோ! அப்புறம் ஏங்க முழுங்கினீங்க?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. "நீ குடுத்தியே" என்றார்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இனிமே கசந்தா துப்பிடுங்க. நான் குடுத்தாலும் துப்பிடுங்க."